கடைசிக் கறுப்புக் காய்

ஜனவரி 12

அன்பும் மரியாதையும் நிறைந்த அத்தைக்கு,

வணக்கம். உங்கள் அண்ணன் மகள் எழுதுகிறேன். வயது பத்தொன்பது. நீங்கள் என்னைப் பார்த்ததே இல்லை. நான் உங்களை முந்நூற்றுப் பன்னிரண்டு தடவை பார்த்திருக்கிறேன். சும்மா அள்ளிவிடுகிறேன் என்று நினைக்காதீர்கள், நோட்டில் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

இங்கே எல்லோரும் நலம். அம்மா தையல் மெஷினுக்கு மோட்டார் மாட்டிவிட்டாள். அவள் தைக்க ஆரம்பித்தால் ஜன்னல் கண்ணாடிகூட சேர்ந்து தைக்கிறது. அப்பா அதே பஸ் டிப்போவில்தான், டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை நிமிஷம் லேட் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். கொஞ்சம் சர்க்கரை, கொஞ்சம் மூட்டுவலி. நான் காலையில் கல்லூரி, மதியத்துக்கு மேல் ஒரு செல்போன் கடையில் உடைந்த கண்ணாடி மாற்றும் வேலை. கை சுத்தம் என்று முதலாளியே சொல்வார், அவர் லேசில் யாரையும் பாராட்டுகிற ஆள் இல்லை.

உங்கள் முகவரி எப்படிக் கிடைத்தது என்று யோசிப்பீர்கள். அம்மாவின் போனில் உங்கள் எண்ணும் முகவரியும் "கேஸ் கம்ப்ளெய்ன்ட்" என்ற பெயரில் இருக்கின்றன. வருஷத்துக்கு இரண்டு தடவை மொட்டை மாடியில் நின்றுகொண்டு கேஸ் கம்பெனியோடு நாற்பது நிமிஷம் பேசுகிறாளே, அதுவும் சிரித்துச் சிரித்துப் பேசுகிறாளே, அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எண் தெரிந்தும் ஏன் கூப்பிடவில்லை என்றால், போனை எட்டாவது செகண்டில் வைத்துவிடலாம். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கோபம் வந்தாலும் கடைசியில் என்னதான் எழுதியிருக்கிறாள் என்று பார்த்தே தீருவீர்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் கேரம் பைத்தியம். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, முழுக்க முழுக்க வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டது. அடுக்குமாடி வீடு காலி செய்த ஒருவரிடம் பழைய போர்டு ஒன்றை வாங்கினேன். விளம்பரத்தில் "சின்னக் கீறல்" என்று போட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் பிளைவுட் நடுவில் காபி டம்ளர் வைத்த வட்டம், ஒரு மூலையில் வலைக்குப் பதில் குழந்தையின் காலுறை. முதலாளியும் நானும் ஸ்கூட்டரில் குறுக்கே வைத்துக் கொண்டு வந்தோம். வழியெல்லாம் திட்டுவதற்கு ஆள் கிடைத்தது. போனில் மட்டம் பார்க்கும் ஆப் வைத்து, காலுக்கடியில் அட்டை மடித்துக் கொடுத்து நேராக்கினேன். இப்போது காயைச் சும்மா விட்டால் விட்ட இடத்தில் நிற்கும்.

போன வருஷம் ஒரு வீடியோ கிடைத்தது. நாற்பத்தியொரு நிமிஷம். பழைய டேப்பிலிருந்து யாரோ ஏற்றியது. தலைப்பு "அடிச்சா இப்படி அடிக்கணும்". இரட்டையர் ஃபைனல். அதில் ஒரு பெண் ஆடுகிறார். அவர் பவுடரை எடுத்து விரலில் தடவிக்கொண்டு, மிச்சத்தைக் காதுக்குப் பின்னால் துடைக்கிறார். அடிப்பதற்கு முன் ஸ்டிரைக்கரை ஒரு தட்டுதான் தட்டுகிறார், அப்புறம் யோசிப்பதே இல்லை. நான் அங்கேயே விழுந்துவிட்டேன் அத்தை. அவர் யார் என்று தெரியாது, பெயர் தெரியாது, ஆனால் நான் அவர் ரசிகை. அவரைப் போலவே இடது கையால் ஆட வேண்டும் என்று, சோற்றுக் கையைக் கட்டிப்போட்டு எட்டு மாதமாக இடது கையில் பழகினேன். காதுக்குப் பின்னால் பவுடரும் உண்டு.

அந்தப் பவுடரைத்தான் ஒரு நாள் அம்மா பார்த்தாள். ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்திவிட்டு, "இந்தப் பழக்கம் உனக்கு எங்கேருந்துடி வந்தது?" என்று கேட்டாள். வீடியோவைக் காட்டினேன். அரை நிமிஷம்தான் பார்த்தாள். "இது உன் அத்தை" என்றாள். "முதுகைக் காட்டிட்டு உக்காந்திருக்காரே, அது யாருன்னு தெரியலயா?" என்றும் கேட்டாள். அத்தை, கேமரா முழுக்க அவருடைய தோளுக்குப் பின்னாலேயே இருக்கிறது. தலை நிறைய முடி! அது அப்பா என்று நான் எப்படி நினைப்பேன்?

அன்றைக்குத்தான் எல்லாம் சொன்னாள். நீங்களும் அப்பாவும் ஆறு வருஷம் ஜோடி. கடைசிப் போர்டு, கடைசி அடி. உங்கள் வெள்ளை இரண்டு, ரெட் ஒன்று, எதிரணியின் கறுப்பு ஒன்றே ஒன்று, மொத்தம் நாலு காய்கள்தான் பாக்கி. நேராகக் கட் அடித்தால் ரெட் விழும், அப்புறம் ஜெயிப்பது நிச்சயம் என்று அப்பா நினைத்திருக்கிறார். நீங்கள் தூரத்துச் சட்டத்தில் மோதித் திரும்புகிற மாதிரி அடித்தீர்கள். ஸ்டிரைக்கர் திரும்பி வந்து எதிரணியின் அந்தக் கடைசிக் கறுப்பைக் குழியில் தள்ளியது. எதிராளியின் கடைசிக் காயை நாமே போட்டுவிட்டால் ஆட்டம் அவர்களுக்கு. முடிந்தது. எதிரணியில் ஆடியவர் மாமா. இரண்டு நாள் முன்னால் நீங்களும் அவரும் கிளப் வாசலில் டீ குடித்ததை யாரோ பார்த்து அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அரங்கம் முழுக்கக் கேட்கும்படி அப்பா சொன்னாராம்: "நீ எந்தப் பக்கம் ஆடினேன்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. அங்கேயே போய் உக்காரு." நாலு மாதத்தில் உங்களுக்கும் மாமாவுக்கும் கல்யாணம். இருபத்தியொரு வருஷமாகப் பேச்சு இல்லை.

மாமா உங்களிடம் ஒழுங்காகப் பேச வந்ததே, ஜெயித்ததற்கு மன்னிப்புக் கேட்கத்தான் என்றும் அம்மா சொன்னாள். அப்படியானால் உங்கள் கல்யாணத்துக்குத் தரகர் எங்கள் அப்பாதான். கமிஷன் வாங்காத தரகர்.

அத்தை, அந்த வீடியோவுக்குக் கீழே என்னென்ன எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? "வித்துட்டாங்க" என்று ஒருவன். "காதல் ஜெயிச்சது, கேரம் தோத்தது" என்று இன்னொருவன், அதற்கு அறுபது லைக். ஒவ்வொருத்தனுக்கும் பதில் எழுதி எனக்கு விரல் தேய்ந்துவிட்டது. கடைசியில் என் பக்கத்திலேயே அறிவித்துவிட்டேன் (இருநூற்றுப் பதினாலு பேர் பின்தொடர்கிறார்கள், அதில் ஏழு பேர் சொந்தக்காரர்கள்): அந்த நாலு காய்களை அதே இடத்தில் வைத்து, அப்பா சொல்கிற நேர்க் கட்டை நூறு தடவை அடித்து, அது சாத்தியமே இல்லை என்று மார்ச் மாதத்துக்குள் நிரூபிப்பேன். நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். நான் பார்த்துக்கொள்கிறேன்.

அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. வீட்டில் காய்ச் சத்தம் கேட்டாலே செருப்பை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்விடுவார். திட்டமாட்டார். போய்விடுவார், அவ்வளவுதான்.

மாமாவுக்கு என் வணக்கம். எதிரணி என்றாலும் வணக்கம்.

உங்கள் தீவிர ரசிகை,
அப்புறம்தான் மருமகள்.


மார்ச் 2

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் பதில் வந்தது. ஐந்தே வரி என்றாலும் இருபது தடவை படித்தேன். நன்றாகப் படிக்கச் சொன்னீர்கள், படிக்கிறேன். அம்மாவின் கண்ணைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், புதுக் கண்ணாடி போட்டுவிட்டாள். மெஷின் மோட்டாருக்கு எண்ணெய் விடச் சொன்னீர்கள், விட்டாயிற்று. வீட்டில் இருக்கிற எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு ஒருவரை மட்டும் விட்டுவிட்டீர்கள். அவரும் நலம்தான்.

"கேரம் பற்றி எழுத வேண்டாம் கண்ணு" என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். மன்னிக்க வேண்டும், இந்த ஒரு தடவை எழுதுகிறேன். எழுதாமல் வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

நூறு தடவை அடித்தேன். வீடியோவை நிறுத்தி, திரையில் அளவுகோல் வைத்து, நாலு காய்களையும் மில்லிமீட்டர் கணக்கில் வைத்தேன். ரெட் தூரத்து மூலையிலிருந்து ஒரு சாண் தள்ளி. அதற்கு முன்னால் கறுப்பும் நம் வெள்ளையும், நடுவில் ஒரு சந்து. முதலாளியைக் கூப்பிட்டுச் சாட்சிக்கு உட்காரவைத்தேன். அவர் பாவம், ஒரு காலை ஆட்டிக்கொண்டே எண்ணினார். விழாது, விழவே விழாது என்று நம்பித்தான் ஆரம்பித்தேன்.

எண்பத்தேழு தடவை விழுந்தது அத்தை.

எட்டு மாதம் பழகிய எனக்கே, காலுறை கட்டிய போர்டில், அதுவும் பழக்கமில்லாத இடது கையில், நேர்க் கட் எண்பத்தேழு தடவை விழுகிறது. உங்கள் கைக்கு விழாதா? அறுபத்தைந்தாவது தடவைக்கு மேல் முதலாளி எண்ணிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார். "விடும்மா, பழைய கதை. டிஸ்ப்ளே போனா மாத்தலாம், இதையெல்லாம் மாத்த முடியுமா?" என்றார்.

என் பக்கத்தில் மூன்று பேர், "நிரூபணம் என்னாச்சு?" என்று கேட்டுவிட்டார்கள். நூறு தடவையும் ரெக்கார்டு செய்து வைத்திருக்கிறேன், அதைப் போடமாட்டேன். நெட்டில் ஒரு தடவை போட்டுவிட்டால் நாம் அழித்தாலும் அது அழியாது. உங்களைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பி நானே உங்களுக்கு எதிராகச் சாட்சி தயார் செய்துவிட்டேன்.

அத்தை, நேராகவே கேட்டுவிடுகிறேன். வேண்டுமென்றே விட்டீர்களா? ஆமாம் என்றாலும் பரவாயில்லை. எனக்கு மாமாவைப் பிடிக்கும், பார்க்காமலே பிடிக்கும். உங்கள் ரசிகையாக இருப்பதை நிறுத்தமாட்டேன். ஆனால் எனக்கு மட்டும் சொல்லிவிடுங்கள். சத்தியமாக வேறு யாருக்கும் போகாது, அம்மாவுக்குக்கூட.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மருமகள்.


மார்ச் 24

என் அருமை அத்தைக்கு,

முதல் வேலையாக என் போன கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள். நாலு துண்டு போதாது, எட்டாகக் கிழியுங்கள். அப்புறம் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு இதைப் படியுங்கள். நான் சரியான முட்டாள். இரண்டு விதத்தில் முட்டாள். ஆனால் நீங்கள் சுத்தத் தங்கம், இந்தத் தடவை ஆதாரத்தோடு சொல்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெளியே நல்ல மழை. அம்மா உள்ளறையில் தைத்துக்கொண்டிருந்தாள். நான் கூடத்தில் போர்டை விரித்து, வேறு எதுவும் செய்யத் தோன்றாமல் அந்த நாலு காய்களையே திரும்பத் திரும்ப வைத்து அடித்துக்கொண்டிருந்தேன். அப்பா செருப்பு வரைக்கும் போனார். மழையைப் பார்த்தார். மூட்டைத் தடவிக்கொண்டார். திரும்பி வந்து பேப்பரை விரித்து முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். பேப்பர் பக்கம் புரளவே இல்லை. நான் ஆறேழு தடவை காய்களை அடுக்கியிருப்பேன். பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"எல்லாத்தையும் தலைகீழா வச்சிருக்கே" என்றார்.

எனக்குப் புரியவில்லை. எதைச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். பேப்பரை மடித்து வைத்தார். "ரெட் அந்த மூலை இல்ல, இந்த மூலை. கறுப்பும் அப்படித்தான். நீ எதுக்கு இடது கையில ஆடுறே?" என்றார். அத்தை மாதிரி ஆடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். வாயிலிருந்து வந்துவிட்டது. உள்ளே மோட்டார் சத்தம் நின்றது.

"யாரு சொன்னா அவ இடது கைன்னு? சாப்பிடுறதும் வலது கை, என் மண்டையில குட்டுறதும் வலது கை" என்றார்.

முட்டாள்தனம் ஒன்று. அத்தை, பழைய டேப்பை ஏற்றுகிறவர்கள் அது யாருடையதோ அவர்கள் கண்ணில் படாமல் இருக்க, படத்தை இடம் வலமாகத் திருப்பிவிட்டு ஏற்றுவார்கள். நெட்டில் இது குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும்! நான் எட்டு மாதம் சோற்றுக் கையைக் கட்டிப்போட்டு, கண்ணாடியில் தெரிகிற அத்தையைப் பார்த்துப் பழகியிருக்கிறேன். நீங்களாவது அந்த ஐந்து வரியில் ஒரு வரி, "நான் வலது கை, கண்ணு" என்று எழுதியிருக்கலாம். படித்துவிட்டுச் சிரித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சிரித்தீர்களா?

அப்பா எழுந்து வந்தார். குனிந்து நாலு காய்களையும் எடுத்தார். எந்த வீடியோவும் பார்க்காமல், யாரையும் கேட்காமல், ஒவ்வொன்றாக வைத்தார். ரெட், கறுப்பு, ஒரு வெள்ளை, இன்னொரு வெள்ளை. கடைசி வெள்ளையை வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்து, நகத்தால் ஒரு நூல் தள்ளினார். அப்புறம் நான் படத்தைத் திருப்பிப்போட்டு அளந்து பார்த்தேன். ஒரு மயிரிழை தப்பவில்லை. இருபத்தியொரு வருஷமாகக் காய்ச் சத்தத்தைக் கேட்டு ஓடியவருக்கு அந்த நாலு காயும் அப்படியே இருந்திருக்கிறது.

எனக்கு எதிர் நாற்காலியில், அன்றைக்கு உங்களுக்கு எதிரே அவர் உட்கார்ந்த பக்கத்தில், உட்கார்ந்தார். "அடி" என்றார். வலது கையால் அடித்தேன். ரெட் விழுந்தது. "பாத்தியா" என்றார். ஜெயித்த குரல் இல்லை அத்தை, அழுகிற குரலும் இல்லை, வண்டி வந்த நேரத்தைப் புத்தகத்தில் எழுதுகிற குரல். எனக்கு அந்த இடத்திலேயே போர்டைத் தூக்கிப்போட்டு உடைக்க வேண்டும் போல இருந்தது. "இன்னொரு தடவை வை" என்றார். வைத்தேன். ஸ்டிரைக்கரை வைத்து விரலை எடுத்தேன். அதற்குள் ஏதோ சரியில்லாத மாதிரி எழுந்து, மூட்டைப் பிடித்துக்கொண்டே சுற்றி என் பக்கம் வந்தார். என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"இது என்னடி கூத்து? வட்டத்தைப் பாதி தொட்டுக்கிட்டு நிக்குதே?" என்றார்.

ஆமாம், அங்கே வைத்தால்தான் கோணம் கிடைக்கும் என்றேன்.

"அடிக்கோட்டு ஓரத்துல இருக்கிற வட்டத்தை மூடினா முழுசா மூடணும். இல்லேன்னா தொடவே கூடாது. பாதி தொட்டா ஃபவுல். இது அரிச்சுவடி. யாரு உனக்குச் சொல்லிக்கொடுத்தா?"

யாரும் இல்லை, நானே கற்றுக்கொண்டது என்றேன்.

"தெரியுது" என்றார்.

முட்டாள்தனம் இரண்டு. அத்தை, எனக்கு அந்த விதியே தெரியாது! வீடியோவில் யாரும் அதைச் சொல்வதில்லை, எல்லோருக்கும் தெரியும் என்று விட்டுவிடுகிறார்கள். எண்பத்தேழும் ஃபவுல். எண்பத்தேழும்! முதலாளி சாட்சியோடு எண்பத்தேழு ஃபவுல்.

அப்பா என்னை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். உங்கள் இடத்தில். ஸ்டிரைக்கரை வட்டத்தின் மேல் முழுசாக வைத்தார். அங்கேயிருந்து பார்த்தால் கறுப்பு ரெட்டைப் பாதிக்கு மேல் மறைக்கிறது. வட்டத்தைத் தொடாமல் உள்ளே தள்ளி வைத்தார். இப்போது நம் வெள்ளை மறிக்கிறது. மறுபடி வட்டத்தின் மேல். மறுபடி உள்ளே. ஸ்டிரைக்கரை அந்தக் கோட்டில் இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டே இருந்தார். எதிர் நாற்காலியிலிருந்து பார்த்தால் அந்தச் சந்து விரியத் திறந்திருப்பது மாதிரி இருக்கும், வீடியோவும் அந்தப் பக்கத்திலிருந்துதான் எடுத்தது. இங்கே உட்கார்ந்தால்தான் தெரிகிறது, ஸ்டிரைக்கரை வைப்பதற்கு இடமே கிடையாது.

அடித்துப் பார்த்தார். நேர்க் கட் ஒன்றுகூட விழவில்லை. அப்புறம் நீங்கள் அடித்த மாதிரி சட்டத்தில் மோதித் திருப்பி அடித்தார். ஒன்பதாவது அடியில் ஸ்டிரைக்கர் திரும்பி வந்து கறுப்பை உரசி, அது நிதானமாக உருண்டு போய்க் காலுறைக்குள் விழுந்தது. எடுக்கலாம் என்று நான் கை நீட்டினேன். "இருக்கட்டும்" என்றார்.

அம்மா கதவருகில் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது.

அப்பா, யாரிடமும் இல்லாமல் போர்டைப் பார்த்தே சொன்னார்: "அன்னைக்கு எந்திரிச்சதும் அவ ஏதோ சொல்ல வந்தா. கையைக் கோட்டுல வச்சுக் காட்டினா. நான்தான் பேசிக்கிட்டே இருந்தேன்."

அம்மா மெதுவாக, "கேஸ் கம்பெனி நம்பர் என்கிட்ட இருக்கு" என்றாள்.

"தெரியும்" என்றார் அப்பா. "மாசாமாசம் ஒழுங்கா சிலிண்டர் வர்ற வீட்டுல இவ்வளவு கம்ப்ளெய்ன்ட் எதுக்குன்னு எனக்குத் தெரியாதா?" என்றார்.

அம்மாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும் அத்தை. இருபத்தியொரு வருஷ ரகசியம் புஸ்ஸென்று போனது. இவள் ஒளித்தாள், அவர் தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தார். வருஷத்துக்கு இரண்டு தடவை இவள் மாடிக்குப் போகும்போது அவர் டிவி சத்தத்தைக் குறைப்பார், நானே பார்த்திருக்கிறேன். செய்தி பிடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

போனைக் கொடுத்தோம். வாங்கினார். எண்ணைப் பார்த்தார். "இது போன்ல சொல்ற விஷயமா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வற்புறுத்தாதே என்று அம்மா கண்ணைக் காட்டினாள். நானும் விட்டுவிட்டேன். நான் யாரையும் அவ்வளவு லேசில் விடுகிற ஆள் இல்லை, இருந்தாலும் விட்டேன்.

இன்னொன்று. என் போன் அந்த நேரம் முழுக்க ஸ்டாண்டில் ஓடிக்கொண்டிருந்தது. பழக்க தோஷம். அப்பா காய் வைத்தது, நாற்காலி மாறியது, கறுப்பு விழுந்தது, எல்லாம் இருக்கிறது. மறுநாள் அவரிடம் சொல்லி, அழித்துவிடவா என்று கேட்டேன். முகம் தெரியாமல் வெட்டிக்கூடப் போடலாம் என்றேன். டிப்போவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார், சட்டைப் பொத்தானைப் போட்டபடியே சொன்னார்: "வெட்டாதே. அன்னைக்கு நான் சொன்னப்போ எல்லாரும் என் முகத்தைப் பாத்தாங்க. இதையும் பாக்கட்டும்."

நான் இன்னும் போடவில்லை. இது உங்கள் பெயர், உங்கள் ஆட்டம். நீங்கள் சரி என்றால் அன்றைக்கே போடுகிறேன். வேண்டாம் என்றால் அது என் போனிலேயே இருக்கட்டும், அறுபது லைக் வாங்கியவன் வாங்கிவிட்டுப் போகட்டும். உங்களிடம் கேட்காமல் உங்களைக் காப்பாற்றுகிற வேலையை இனிமேல் செய்யமாட்டேன்.

மற்றபடி வீட்டு நிலவரம்: அப்பாவுக்குச் சர்க்கரை அளவு இறங்கியிருக்கிறது. வேலை முடிந்து வந்ததும் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து அந்த நாலு காய்களை வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொள்கிறார். நேர்க் கட் இல்லை என்பது தெரிந்துவிட்டது. அப்படியானால் அந்தத் திருப்பு அடியில் நீங்கள் எதைக் குறிவைத்தீர்கள் என்பதுதான் இப்போது அவருக்குப் பிரச்சினை. ரெட்டையேவா? அல்லது முதலில் வெள்ளையைத் தட்டி வழியைத் திறந்துகொண்டு, ரெட்டை அடுத்த முறை உங்களுக்கோ அவருக்கோ விட்டுவைக்கவா? "அவருக்கு விட்டுவைக்க" என்பதுதான் சரி என்று நான் சொல்கிறேன். அவர் ஒத்துக்கொள்ளமாட்டேன் என்கிறார். "எனக்கு விட்டுவச்சாளா? நான் அவ்வளவு நல்லா ஆடலியே அன்னைக்கு" என்கிறார். கால் வேகத்தில் ஓட்டியும் பார்த்துவிட்டேன், டேப் மங்கல். அது எந்த வீடியோவிலும் இல்லை அத்தை. உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

நேற்றுச் சாப்பிடும்போது, ஏதோ மழை வருமா என்று கேட்கிற மாதிரி, "அவ எதைப் பாத்து அடிச்சான்னு கேட்டு எழுதேன்" என்றார். உடனே, "நான் கேட்டதா எழுதாதே" என்றார். எழுதிவிட்டேன்.

தபால்காரர் எங்கள் தெருவுக்குப் பதினொரு மணிக்கு வருவார். அப்பா இந்த வாரத்திலிருந்து மதிய ஷிஃப்ட்டுக்கு மாறிக்கொண்டார். காலையில் மூட்டு வலிக்கிறதாம்.

பதிலை எனக்கு எழுத வேண்டாம் அத்தை. உறையின் மேல் அப்பாவின் பெயரை எழுதுங்கள். உள்ளே ஒரு வரி இருந்தாலும் போதும், திட்டி எழுதினாலும் போதும்.

நீங்களும் மாமாவும் நல்ல உடம்போடு, நீண்ட நாள், நிறைய சிரித்துக்கொண்டு இருக்க வேண்டும்.

என்றும் உங்கள்,
ரசிகையும் மருமகளும்.